நேர்மூட்டு விழுந்த வீடு: ஒரு சனசமூக நிலையத்தில் மத்தியகாலத் தெரு கட்டிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களை ஒட்டிய ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் நடந்தது இது. அங்கே சனிக்கிழமைகளில் வாசிப்பறையைத் திறந்துவைத்துப் பிள்ளைகளோடு இருப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலை. ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நிலையத்தின் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரின் தம்பி ஜேர்மனியில் குடியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், அவர்கள் விளையாடிய லெகோக் கற்களை (ஒன்றோடொன்று பூட்டிக் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகள்) மரப்பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார். வைகாசி முடிவில் பெட்டி வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்க்க முடியாத அளவு துண்டுகள் இருந்ததால் நெல் நிறுக்கும் தராசில் வைத்தோம். 18 கிலோ. கூடவே ஒரு கடிதமும், அவர் வசிக்கும் பகுதியிலுள்ள பழைய நகரங்களின் படங்களும் இருந்தன. வெள்ளைச் சுவரில் கறுப்பும் மண்ணிறமுமாக மரச்சட்டங்கள் ஓடும் வீடுகள். 1994இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த குவெட்லின்பேர்க் நகரத்துப் படங்களும் அவற்றில் இருந்தன. "இப்படி ஒரு தெருவைப் பிள்ளைகள் கட்டினால் எனக்குப் படம் அனுப்புங்கோ" என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி.

ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான்கு பொடியன்கள், மூன்று பெண்பிள்ளைகள், தரம் 6 முதல் 9 வரை. ஒருவரும் அதற்கு முன் லெகோவைக் கையால் தொட்டதில்லை. நானும்தான். ஐப்பசியில் வரும் வாணி விழாவில் வைப்பதென்று முடிவானது. கையில் 19 சனிக்கிழமைகள் இருந்தன.

முதல் இரண்டு வாரம்: கழுவியதும் தெரிந்ததும்

கற்களில் தூசி படிந்திருந்தது. இந்தப் பிளாஸ்டிக்கை 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடான நீரில் கழுவக்கூடாது என்பதால், கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசிச் சாக்கில் பரப்பி நிழலில் உலரவிட்டோம்.

அப்புறம் நான் ஒரு பிழை விட்டேன். நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வெள்ளைக் குவியலுக்குள் ஒரு சின்ன வெள்ளைத் துண்டைத் தேடும்போதுதான் சங்கதி விளங்கியது: ஒரே நிறத்துக்குள் வடிவத்தைக் கண் பிடிக்காது. ஒரே வடிவக் குவியலுக்குள் நிறம் உடனே தெரியும். இரண்டாம் சனி எல்லாவற்றையும் கொட்டி மறுபடி வடிவவாரியாகப் பிரித்தோம். அப்போது தரம் 8 பிள்ளை ஒருத்தி வீட்டிலிருந்து சுளகு கொண்டுவந்து கொழித்தாள். பெரிய கல் ஒருபக்கம், பொடித்துண்டு மறுபக்கம் என்று தானாக ஒதுங்கியது. நாங்கள் ஏழுபேர் அரைநாள் செய்த வேலையை அவள் ஒரு மணித்தியாலத்தில் முடித்தாள்.

பெயர்களும் இந்த இரண்டு வாரத்தில்தான் உருவாகின. மேலே இருக்கும் உருண்டைப் புடைப்பு குமிழ். தடித்தது கல். மெல்லியது தகடு, மூன்று தகடு அடுக்கினால் ஒரு கல் உயரம். பக்கவாட்டில் குமிழ் உள்ளதற்குக் காதுக்கல் என்று பெயர் வைத்தார்கள். இனி இந்தச் சொற்களையே நானும் எழுதுகிறேன்.

கவனித்த இன்னொன்று: வேறு யாரோ செய்த போலிக் கற்களும் கலந்திருந்தன. பார்வைக்கு ஒன்றுதான், பிடிமானம் குறைவு. அவற்றைத் தனியே வைக்கவேண்டும் என்று சொன்னேன். வைத்தோமா என்று சரிபார்க்கவில்லை. இது பின்னால் வரும்.

வாள்கள் தகரப்பெட்டிக்குள் போனது

பெட்டிக்குள் நாலு சென்ரிமீற்றர் உயர மனித உருவங்களும் முப்பது வரையில் இருந்தன. பாதிக்கு மேல் போர்வீரர்கள். வாள், ஈட்டி, வில், கேடயம், தலைக்கவசம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். பொடியன்கள் முதல் நாளே கோட்டை கட்டுவதென்று தீர்மானித்துவிட்டார்கள்.

இரண்டாம் சனி பின்னேரம் ஒரு தாய் மகளைக் கூட்டிப்போக வந்தவர், மேசையில் வரிசையாக நின்ற வீரர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, உந்த வாள், ஈட்டி எல்லாம் பிள்ளையளுக்கு வேணுமே?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்த சனி பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஆயுதத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டிக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினேன். கோட்டை இல்லை, சந்தைத் தெருதான் என்று அறிவித்தேன். காரணம் சொல்லவில்லை. அந்தத் தாயின் கேள்வியை மதிக்கவேண்டும் என்பது சரியான எண்ணம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். பிள்ளைகளிடமோ மற்றப் பெற்றோரிடமோ ஒரு சொல் கேட்காமல் செய்ததுதான் பிழை. கோட்டை கட்ட ஆசைப்பட்ட இருவர் அன்று முழுக்க ஓரமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஐந்தாம் சனிக்குப் பிறகு வரவில்லை. ரியூசன் என்று வீட்டில் சொன்னார்கள்.

வழிகாட்டிக் கையேட்டை நம்பிய மூன்று வாரம்

2009இல் லெகோ நிறுவனம் மத்தியகாலச் சந்தைக் கிராமம் ஒன்றை வெளியிட்டது, 1,601 துண்டுகள். 2021இல் வந்த கொல்லன் பட்டறையில் 2,164. பழைய தொகுப்புகளின் வழிகாட்டிக் கையேடுகளை அந்த நிறுவனமே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. சந்தைக் கிராமத்துக் கையேட்டைக் கைபேசியில் இறக்கி, படம் பார்த்துப் படியாகக் கட்டத் தொடங்கினோம்.

மூன்றாவது பக்கத்திலேயே இடறியது. கேட்ட துண்டு எங்களிடம் இல்லை. அதற்குப் பதில் வேறொன்றைப் போட்டால் இரண்டு பக்கம் கழித்து அது இடிக்கும். பிள்ளைகள் கட்டுவதை விட்டு, இல்லாத துண்டைத் தேடுவதிலேயே நேரத்தைச் செலவழித்தார்கள். ஐந்தாம் சனி கையேட்டை மூடினேன். வந்த படங்களைச் சுவரில் ஒட்டி, இவற்றைப் பார்த்து உங்கள் பாட்டில் கட்டுங்கள் என்றேன்.

அந்த அளவில் அது நல்ல முடிவு. ஆனால் கையேடு ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எந்தக் கல்லின் மேல் எந்தக் கல் ஏறவேண்டும் என்பதை அது பார்த்துக்கொண்டது. அது போனதும் அந்தப் பொறுப்பை யாரும் எடுக்கவில்லை என்பதை நான் உணரவில்லை.

ஆறாவது சனி: விழுந்த வீடு

தரம் 9 பிள்ளை ஒருத்தி தனியாக ஒரு வீட்டைக் கட்டி முடித்தாள். 16 குமிழ் நீளம், 16 குமிழ் அகலம், அதாவது 12.8 சென்ரிமீற்றர் சதுரம். இரண்டு தட்டு உயரம். மண்ணிறத் தூண்கள், இடையில் வெள்ளை நிரப்பு. படத்தில் உள்ளதைப் போலவே இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். அலுமாரிக்குள் வைக்கத் தூக்கியபோது, இரு கைகளுக்கும் நடுவே வீடு நாலு துண்டாகப் பிளந்தது. பொடிப்பொடியாக உதிரவில்லை. நாலு பலகை போலச் சுத்தமாகக் கழன்றது. அதுதான் கவனிக்கவேண்டிய தடயம். அன்று எனக்கு அது தடயமாகப் படவில்லை. கல் தேய்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை அழவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள், எழும்ப நேரமெடுத்தது.

அவளைக் கூட்டிப்போக வந்த தகப்பன் மேசன் வேலை செய்பவர். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய கல்வீடுகளில் எத்தனையோ அவர் கைபட்டவை. விழுந்த பலகை ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"நேர்மூட்டு விழுந்திருக்கு, தம்பி. கீழயிருந்து மேலமட்டும் ஒரே கோடு. கல்லில கட்டினாலும் இது வெடிக்கும், உதில கட்டினாலும் வெடிக்கும்."

அதுதான் நடந்தது. மரத்தூண் தெரியவேண்டும் என்று பிள்ளை மண்ணிறக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக நேரே அடுக்கியிருந்தாள். பக்கத்து வெள்ளையும் அப்படியே. தூணுக்கும் சுவருக்கும் இடையில் அடியிலிருந்து முகடுவரை ஒரு வெடிப்பை நாங்களே கட்டியிருந்தோம். கற்கள் மேலும் கீழும் இறுகப் பிடிக்கும்; பக்கவாட்டில் ஒன்றையொன்று பிடிக்காது. சீமெந்துச் சாந்து இல்லாத இடத்தில் மூட்டு உடைத்துக் கட்டுவது, அதாவது கீழ்வரிசை மூட்டுக்கு மேலே ஒரு முழுக்கல் வரும்படி அடுக்குவது ஒன்றுதான் சுவரைச் சுவராக வைத்திருக்கும்.

அவர் மேலும் ஒன்று கேட்டார்: "லின்ரல் எங்க?" சன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றி ஓடவேண்டிய கட்டு எங்கள் வீட்டில் இல்லை.

மாற்றிக் கட்டியது

அடுத்த சனி அவரையே வரச்சொன்னோம். சிறுபோக வெட்டு நேரம், மேசன் வேலையும் குறைவாக இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். இந்த முழு முயற்சியிலும் பயன் தந்த நேரம் அதுதான்.

மூன்று முடிவுகள் எடுத்தோம். முதலாவது, வெளியே தெரியும் சுவருக்குப் பின்னால் ஒரு குமிழ் தடிப்பில் இன்னொரு சுவர், எந்த நிறமென்றாலும் பரவாயில்லை, மூட்டு உடைத்துக் கட்டியது. வெளியே தெரியாத சிவப்பும் நீலமும் அங்கே போய்விட்டன. பற்றாக்குறையாக இருந்த வெள்ளை மிஞ்சியது. இரண்டாவது, ஒவ்வொரு நாலு கல் உயரத்துக்கும் சுற்றிவர நீண்ட மண்ணிறத் தகடு. இது லின்ரல். வெளியிலிருந்து பார்த்தால் படத்திலுள்ள கிடைச்சட்டம். மூன்றாவது, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகத் தூக்கக்கூடியதாகச் செய்வது. தட்டுகளுக்கு இடையில் நாலைந்து குமிழ் மட்டும் பிடித்தால் போதும்.

அந்த வாரமே ஒரு பொடியனின் அம்மம்மா சுவரில் ஒட்டிய ஜேர்மன் படங்களைப் பார்த்துவிட்டு, "இது வரிச்சு வீடெல்லே" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. கப்பு நட்டு, வளை ஏற்றி, குறுக்கே வரிச்சுத்தடி கட்டி, இரு பக்கமும் மண் அப்பிய வீட்டில்தான் தான் பிறந்ததாகச் சொன்னார். அன்றிரவு ஜேர்மனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கற்களை அனுப்பியவர் சொன்னதும் அதேதான்: அந்த மரச்சட்ட வீடுகளின் பழைய நிரப்பு பெரும்பாலும் தடிப்பின்னலும் வைக்கோல் கலந்த மண்ணும். வீட்டைத் தாங்குவது மரம். மண் வெறும் மறைப்பு.

இது எங்கள் வேலையில் நேரடியாக ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை பிள்ளைகளுக்கு மண்ணிறக் கோடுகள் ஒரு கோலம். விரும்பிய இடத்தில் இழுத்தார்கள். அம்மம்மா வந்த பிறகு, "இந்த மரம் எதைத் தாங்குது?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். அந்தரத்தில் நின்ற தூண்கள் மறைந்தன. மேல்தட்டு ஒரு குமிழ் தெருப்பக்கம் நீட்டி நின்ற இடத்தில், அதன் அடியில் வளைகளின் முனை தெரிய வட்டத் துண்டுகள் வந்தன. நான் சொல்லிக் கொடுத்ததல்ல. மூலைச்சட்டங்கள் சாய்வாக வரவேண்டும். லெகோவில் சாய்வு இலேசில் வராது. காதுக்கல்லின் ஒற்றைக் குமிழில் ஒரு நீளத் தகட்டைக் கொழுவினால் அது எந்தக் கோணத்துக்கும் திரும்பும் என்று கண்டுபிடித்தது சுளகுக்காரப் பிள்ளை.

ஒரு கணக்கும் இங்கே வந்தது. தகடுகளைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவருக்குள் செருகினால் சிலவேளை அளவாக அமரும், சிலவேளை இடைவெளி விடும். ஏன் என்று தெரியாமல் இரண்டு சனி போனது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர், தகட்டின் தடிப்பு 3.2. தரம் 9 பிள்ளை கொப்பியில் எழுதிக் காட்டினாள்: ஐந்து தகடு சேர்ந்தால் 16, இரண்டு குமிழும் 16. ஐந்துக்கு இரண்டு. வேறெந்தச் சிறிய எண்ணிக்கையும் சரிவராது. பொது மடங்கு எதற்குப் படிக்கிறோம் என்று வகுப்பில் கேட்ட பொடியன் அன்று வாய்திறக்கவில்லை.

கூரைச் சண்டை

கூரைக்கு ஏற்ற சரிவுக் கற்கள் இரண்டு வீட்டுக்குத்தான் காணும். மற்றவற்றுக்குத் தகடுகளைப் பிணைச்சலில் பூட்டி, இரு பக்கச் சுவர்முக்கோணத்தில் சும்மா சாய்த்து வைத்தோம். முதலில் இரண்டு அடுக்காகப் போட்டுப் பாரம் தாங்காமல் சறுக்கியது. ஓரடுக்காக்கியதும் நின்றது. நிறம் கலந்து வந்ததை ஓட்டுக்கூரை என்று ஒப்புக்கொண்டோம்.

தரம் 6 பிள்ளை மட்டும் தென்னோலையைக் கீறி, விரலளவு கிடுகு பின்னி, தன் வீட்டுக்கு வேய்ந்துகொண்டு வந்தாள். அருமையான வேலை. பெரிய பொடியன்கள் எதிர்த்தார்கள்: லெகோ என்றால் லெகோ மட்டுந்தான். நானும் அவர்கள் பக்கம் நின்று, 1212இல் இலண்டனில் பெருந்தீ வந்தபிறகு நகரத்துக்குள் புல்லாலும் வைக்கோலாலும் வேயக்கூடாது என்று சட்டமே போட்டார்கள் என்றேன். சரித்திரத்தைக் கொண்டு ஒரு பத்து வயதுப் பிள்ளையை மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

"அப்ப என்ர வீட்டை ஊருக்கு வெளியில வைப்பம்" என்றாள்.

தெருவின் கடைசியில், நகர வாசலுக்கு அப்பால், அந்த வீடு நின்றது. பக்கத்தில் ஒரு கிணறும் துலாவும் அவளே செய்தாள். துலா நம்முடையது, படத்தில் இல்லை என்று ஒருவன் குறை சொன்னான். ஹங்கேரிச் சமவெளியில் துலாக் கிணறுகள் உண்டு என்று காட்டியதும் அடங்கினான்.

தகரப்பெட்டியைத் திறந்தது

பதினோராம் சனி, ஓரமாக இருந்த மற்றப் பொடியன் என்னிடம் வந்தான். கடைகளுக்குத் தொங்கும் பலகை வேண்டும், கேடயம் இருந்தால் நல்லது, தருவீர்களா என்று கேட்டான். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்.

அந்த வாரம் ஆறு வீட்டுக்கும் போனேன். முன்பே போயிருக்கவேண்டும். நாலு வீட்டில் பிரச்சினை இல்லை என்றார்கள். ஒரு வீட்டில், வீரர்கள் நிற்காவிட்டால் சரி என்றார்கள். முதலில் கேள்வி கேட்ட தாய், "பிள்ளையளே என்ன செய்யினமெண்டு பாப்பம்" என்றார். பெட்டியை எல்லோருக்கும் முன்னால் திறந்து, அந்தத் தாய் கேட்டதையும் நான் செய்ததையும் சொன்னேன். வீரர்கள் வேண்டாம், மற்றதை எடுக்கலாம் என்று பிள்ளைகளே பேசி முடித்தார்கள்.

ஈட்டிகள் கொடிக்கம்பமாகவும் சந்தைப் பந்தலின் காலாகவும் போயின. கேடயங்கள் பேக்கரிக்கும் கொல்லன் பட்டறைக்கும் பெயர்ப்பலகை. தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பூச்சாடி. வாள்கள் பட்டறை முகப்பில் தொங்கின. கொல்லன் வாளும் அடிப்பான்தானே என்று பொடியன் வாதாடினான். யாரும் மறுக்கவில்லை. எனக்கு அது முழுதாக உடன்பாடில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன்.

வாணி விழா

விழா நடந்தது இரண்டு கிலோமீற்றர் தள்ளிய பொதுமண்டபத்தில். ஐந்து கட்டடங்கள். முதல் மழை பெய்து கிரவல் றோட்டில் கிடங்கு விழுந்திருந்தது. மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டிகளைக் கழுவி, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகப் பழந்துணி சுற்றி அடுக்கி, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றினோம்.

நாலு கட்டடங்கள் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் வந்தன. ஐந்தாவதான நெசவுகாரன் வீட்டின் கீழ்த்தட்டு, பின்சுவர் முழுக்கக் கழன்று கிடந்தது. மூட்டு உடைத்துத்தான் கட்டியிருந்தது, தகட்டுக் கட்டும் இருந்தது. துண்டுகளைப் பார்த்தபோது முக்கால்வாசி போலிக் கற்கள். "வெளியே தெரியாத சுவர்தானே" என்று ஒதுக்கிவைத்த குவியலிலிருந்து எடுத்திருந்தார்கள். சுமை முழுவதையும் தாங்கும் சுவர் அது. பூசைக்கு முன் இருந்த நாற்பது நிமிடத்தில் ஆறுபேரும் நிலத்தில் குந்தியிருந்து திருப்பிக் கட்டினார்கள். சுவர் இரண்டு கல் பதிவாக வந்தது, கூரை ஒருபக்கம் சாய்ந்தே நின்றது. மத்தியகாலத் தெருவில் ஒரு சாய்ந்த வீடு பொருத்தமாகத்தான் இருந்தது என்பது வேறு கதை.

படங்களை ஜேர்மனிக்கு அனுப்பினோம். துலா யாருடைய யோசனை என்று கேட்டிருந்தார்.

வராமல் போன பொடியன் விழாவுக்கு வந்திருந்தான். பட்டறையின் முன்னால் நெடுநேரம் நின்றான். அடுத்த சனி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை.

திரும்பச் செய்தால்

முதல் நாளே வடிவவாரியாகப் பிரிப்பேன். போலிக் கற்களைத் தனியே வைப்பதோடு விடாமல், ஒரேயடியாக வேறு அறைக்கு அனுப்புவேன். இரண்டு கற்களைப் பூட்டி ஒன்றைப் பிடித்துத் தூக்கினால், கழன்று விழுவது எது என்று பத்து வினாடியில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தட்டும் முடிந்தவுடன் தூக்கி, பலகையில் வைத்து, வாசல்வரை நடந்து திரும்பும் சோதனை வைப்பேன். பத்தாம் வாரத்தில்தான் அதைத் தொடங்கினோம். மேசனை ஆறாம் வாரத்தில் தற்செயலாக அல்ல, முதல் வாரத்திலேயே கூப்பிடுவேன். அம்மம்மாவையும்தான்.

குறிப்பு எழுதாததும் ஒரு குறை. முதல் ஐந்து வாரத்தை இங்கே எழுதியது கைபேசிப் படங்களையும் பிள்ளைகளின் ஞாபகத்தையும் வைத்துத்தான். விழுந்த வீட்டை உடைந்தபடியே ஒரு படம் எடுத்திருக்கலாம். அதைக் காட்டினாலே நேர்மூட்டு என்றால் என்னவென்று யாருக்கும் விளங்கும்.

இப்போது தெருவைக் கழற்றிவிட்டோம். கற்கள் மறுபடி ஐஸ்கிறீம் பெட்டிகளில் இருக்கின்றன. அடுத்து என்ன என்று கேட்டபோது, கேடயம் கேட்ட பொடியன் போரில் விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த்தாங்கியைக் கட்டவேண்டும் என்றான். வட்டச் சுவரை எப்படி வளைப்பது என்பதை இரண்டு பேர் அப்போதே கொப்பியில் கீறத் தொடங்கிவிட்டார்கள். நிமிர்ந்து நின்றபடியா, விழுந்தபடியா என்று தரம் 6 பிள்ளை கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. வருகிற சனி பெற்றோரை வரச்சொல்லியிருக்கிறோம். அதுவரை ஒரு கல்லும் அடுக்குவதில்லை என்று பேச்சு.